40 விசிட்டிங் கார்ட் கொடுத்தேன், ஒரு வேலையும் வரவில்லை: திருமலையில் தொழில் பழக்கம் பிடிப்பது எப்படி?

குளிர்ப்பெட்டி_திருமலை

வணக்கம். ஏசி பூட்டுவதும் ஏசி, ஃப்ரிட்ஜ் திருத்துவதும் என் தொழில். திருகோணமலை டவுனில் அனுராதபுரச் சந்திப் பக்கம் சின்னக் கடை, நானும் ஒரு பெடியனும். இது ஐந்தாவது வருடம். ஒருதரம் கூப்பிட்டவர் மறுபடியும் என்னைத்தான் கூப்பிடுகிறார், அதில் குறை இல்லை. ஆனால் புது ஆள் வருவது நின்றுவிட்டது. அதே அறுபது எழுபது வீடு, அதே நாலு கடை.

கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஆள் பழக்கம் பிடி." சரி என்று போன மாதம் இரவு ரயில் ஏறி, கொழும்பில் நடந்த ஒரு சிறுதொழில் ஒன்றுகூடலுக்குப் போனேன். 100 கார்ட் அச்சடித்துக்கொண்டு போய் 40 கொடுத்தேன். அதே அளவு வாங்கியும் வந்தேன். ரோல்ஸ் சாப்பிட்டோம், சிரித்தோம், படம் எடுத்தோம். இன்றுவரை வந்தது ஒரே ஒரு போன் கோல். அதுவும் காப்புறுதி விற்பவர்.

மிச்சம் 60 கார்ட் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. இங்கே தொழில் செய்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

உவர்மலை வயர்மேன்

தம்பி, கொழும்பில் இருப்பவன் ஏசி பூட்ட 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற உங்களையா கூப்பிடுவான்? அந்த ரயில் காசுக்கு லிங்கநகரில் கட்டுகிற நாலு வீட்டுக்குப் போய்வந்திருக்கலாம்.

கோபிக்க வேண்டாம், நான் வயரிங் வேலை, 22 வருடம். ஒரு வீட்டுக்குள் யார் எப்போது நுழைகிறார்கள் என்று ஒருதரம் யோசியுங்கள். முதலில் பிளான் கீறுபவர். பிறகு மேசன் பாஸ். சுவர் எழும்பியதும் நான். எனக்குப் பிறகுதான் பூச்சு, அலுமினியம், பெயின்ட். எல்லாம் முடிந்து குடிபுகுந்து, சித்திரை வெயிலில் வெந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கு ஏசி ஞாபகம் வரும். உங்களுக்கு கோல் வருகிற நேரம் சுவர் பூசி, பெயின்டும் அடித்தாகிவிட்டது. செப்புக் குழாயும் தண்ணீர்க் குழாயும் வெளிச்சுவரில் பாம்பு மாதிரித் தொங்கும். வீட்டுக்காரர் உங்களைத்தான் திட்டுவார்.

பூச்சுக்கு முன்னமே நீங்கள் ஒருதரம் வந்து பார்த்தால் குழாயை சுவருக்குள் மறைக்கலாம், தண்ணீர் இறங்கச் சரிவு விடலாம், நானும் ஏசிக்குத் தனி லைன் இழுத்து வைப்பேன். யாருக்கும் பிறகு உடைப்பு வேலை இல்லை. ஆகவே உங்களுக்குத் தேவையான பழக்கம் உங்களுக்கு முன்னம் அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள்தான். அப்படி மிஞ்சிப்போனால் இந்த ஊரில் ஒரு பத்துப் பேர் இருப்போம்.

நிலாவெளி விடுதிக்காரர்

வயர்மேன் அண்ணா சொன்னது வீடுகளுக்கு. விடுதிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

எனக்கு 9 அறை. எங்கள் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மற்றப் பக்கத்துக் கடற்கரைகளில் மழை பெய்கிற காலம்தான் எங்களுக்கு உழைப்புக் காலம். ஜூலை, ஓகஸ்டில் புறாமலைத் தீவுக்குப் போகிற சனம், திமிங்கிலம் பார்க்கப் போகிற சனம் என்று எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க நேரம் இல்லை. சரியாக அந்த நேரம்தான் எல்லாரும் வந்து கார்ட் நீட்டுவார்கள். சோப் விற்பவர், வலைத்தளம் செய்பவர், ஏசிக்காரர். எல்லாருக்கும் சிரித்து, கார்டை மேசையில் போட்டுவிடுவேன். பெடியன்கள் அதில் கணக்கு எழுதுவார்கள்.

பெப்ரவரியில் வாருங்கள். மழை விட்டிருக்கும், விடுதி வெறிச்சோடி இருக்கும். பிளேன்டீ போட்டுத் தந்து ஒரு மணித்தியாலம் கதைப்பேன். அப்போதுதான் சுவர் பெயின்ட், கதவுப் பூட்டு, ஏசி எல்லாம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

என்னிடம் இப்போது வேலை செய்கிற ஏசிக்காரர் எப்படிப் பழக்கமானார் தெரியுமா? ஒரு மார்ச் மாதம் பக்கத்து விடுதிக்கு வந்தவர், போகிற வழியில் மதிலுக்கு மேலால் என் வெளி யூனிட்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "ஐயா, இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்" என்றார். பின்பக்கத்து அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டேன், வெள்ளை மாவாக உதிர்ந்தது. உப்புக் காற்று. "இது இந்த சீசன் தாங்காது, மற்ற எட்டையும் மாதம் ஒருதரம் நல்ல தண்ணியால் கழுவச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காசும் கேட்கவில்லை, கார்டும் தரவில்லை. நான்தான் பின்னால் ஓடிப்போய் நம்பர் வாங்கினேன்.

குளிர்ப்பெட்டி_திருமலை

ஐயா, அந்த மாவை நான் தினமும் பார்க்கிறேன். உப்புவெளியில் மூன்று வருடத்தில் தகடே இல்லாமல் போன யூனிட் கண்டிருக்கிறேன். ஆனால் அடுத்தவரின் மதிலுக்குள் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வேலை பிடிக்க வந்தவன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்.

கிண்ணியா ஹார்ட்வெயார்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எங்கட வாப்பா காலத்திலிருந்து ஹார்ட்வெயார் கடை. 2009ல் பாலம் திறக்கும்வரை பாதையில், அதாவது வண்டி ஏற்றுகிற மிதவைப் படகில், ஏற்றித்தான் சாமான் வரும். அந்தப் பாதைக்குக் காத்துக்கொண்டு நிற்கிற அரை மணித்தியாலம்தான் வாப்பாவின் சம்மேளனக் கூட்டம் என்று வையுங்களேன். லொறிக்காரர், மீன் முதலாளி, கந்தளாய் நெல் வியாபாரி, பள்ளிக்கூட அதிபர், எல்லாரும் ஒரே கரையில் நிற்பார்கள். பாலம் வந்தது பெரிய நிம்மதி, அதை மறுக்க ஏலாது. ஆனால் இப்போது எல்லாரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்காரர் யார் எப்படி என்று ஊரில் நன்றாகத் தெரிந்தவன் கடைக்காரன்தான். என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. யார் சொன்ன திகதிக்குக் கட்டுகிறார், யார் வீட்டுக்காரரிடம் காசு வாங்கிவிட்டு என்னை இழுத்தடிக்கிறார், எல்லாம் அதில் இருக்கு. அதைவிட முக்கியம், என்ன சாமான் கேட்கிறார் என்பது. ஒரு ஏசிக்காரர் வந்து "நானா (அண்ணன்), தடிப்புக் குறைந்த குழாய் இருக்கா" என்பார். இன்னொருவர் தடித்த குழாய்தான் வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வருகிறேன் என்பார். வீட்டுக்காரருக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

ஒரு நாளைக்கு மூன்று நாலு பேர் என்னிடம் கேட்கிறார்கள், "நானா, நல்ல மேசன் இருக்கா, நல்ல வயர்மேன் இருக்கா" என்று. நான் யார் பெயரைச் சொல்வேன்? உங்கள் 60 கார்டையும் கொண்டுவந்து வைத்தாலும் கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

டொரொண்டோ திருமலையான்

ஊரை விட்டு வந்து முப்பது வருடம், ஆனாலும் இந்த இழையை விட மனம் வரவில்லை. டச்சுக்குடாப் பக்கம் வீதியில் இன்னும் மான் நிற்கிறதா?

ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், பொஸ்டனுக்குப் பக்கத்து நகரம் ஒன்றில் ஆள் பழக்கத்தால் வேலை எடுத்தவர்களிடம், தகவல் சொன்னவரை அந்த நாட்களில் எத்தனை தரம் சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பேன் என்றவர்கள் 17 வீதம்கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் 55 வீதத்துக்கு மேல், மிக அரிதாக என்றவர்கள் கிட்டத்தட்ட 28 வீதம். நெருங்கிய கூட்டாளிக்குத் தெரிந்தது ஏற்கெனவே உங்களுக்கும் தெரியும். எட்ட நிற்கிறவனுக்குத்தான் உங்களுக்குத் தெரியாத இடம் தெரியும். இந்தக் கருத்தை அவர் 1973ல் கட்டுரையாக வெளியிட்டார், இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

உவர்மலை வயர்மேன்

மான் நிற்கிறது, வாழைப்பழத் தோலுக்குக் காத்துக்கொண்டு.

ஆனால் ஐயா, திருமலையில் எப்போதாவது சந்திக்கிற ஆள் என்று ஒருவர் இல்லை. மரக்கறிக் கடையில் பக்கத்தில் நிற்கிறவரோடு ரெண்டு நிமிடம் கதைத்தால் அவர் மனைவியின் சித்தப்பா என் மச்சானோடு படித்தவராக இருப்பார்.

டொரொண்டோ திருமலையான்

அது உங்கள் தெருவுக்குள், தம்பி. உங்கள் கைபேசியில் மூதூர் நம்பர் எத்தனை? கிண்ணியா எத்தனை? கந்தளாய், சேருவில பக்கத்துச் சிங்கள ஆட்கள் எத்தனை பேர்?

உவர்மலை வயர்மேன்

எண்ணிப் பார்த்தேன். நாலு. ஒன்று மேலே எழுதின நானாவின் கடை.

கணக்குக்காரி

சிறு கடைகளுக்குக் கணக்கும் வரிப் பத்திரமும் செய்கிறேன். முதல் பதிவை வாசித்ததும் கேட்கத் தோன்றியது: குளிர்ப்பெட்டி, உங்களிடம் ஒழுங்கான பில் புத்தகம் இருக்கிறதா? பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறீர்களா?

நீங்கள் எவ்வளவுதான் பழகினாலும், விடுதி முகாமையாளர் ஒருவர் தன் கணக்குக்கு பில் கேட்பார். கிழித்த கொப்பி ஒற்றையில் எழுதிக் கொடுத்தால் அவருக்குத் தலைவலி. அடுத்தமுறை, வேலை கொஞ்சம் மோசமானாலும், பில் கொடுக்கிற ஆளைத்தான் கூப்பிடுவார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பெரிய வேலைகளை இழப்பது இந்த ஒற்றையால்தான்.

சும்மா ஒருவன்

எல்லாரும் நல்லாத்தான் கதைக்கிறீர்கள். ஒருவரும் கொமிஷன் பற்றிச் சொல்லவில்லை. உப்புவெளியில் த்ரீவீல்காரன் வெள்ளைக்காரரைக் கொண்டுவந்து விட்டாலும் கொமிஷன், சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாலும் கொமிஷன். மேசன் பாஸ் உங்களைக் கூப்பிட்டால் அவருக்கும் பங்கு. காசு கொடுத்தால் வேலை வரும். மிச்சமெல்லாம் பிளேன்டீ.

நிலாவெளி விடுதிக்காரர்

கொமிஷன் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். கொடுத்தால் ஆள் வரும், உண்மை. அடுத்த வாரம் பக்கத்து விடுதி 200 ரூபா கூடக் கொடுத்தால் அதே ஆள் அங்கே போவார், அதுவும் உண்மை. அறை விலையை நான் அதற்காக ஏற்ற வேண்டியிருக்கிறது. விருந்தாளி இணையத்தில் விலையைப் பார்த்துவிட்டு ஏன் இங்கே கூட என்று கேட்கிறார். நான் த்ரீவீல்காரரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் சீசன் ஐந்து மாதம்தான்.

கணக்குக்காரி

கொடுப்பதென்றால் பில்லில் தெரிகிற மாதிரிக் கொடுங்கள். மறைத்துக் கொடுப்பதை மறைக்க இன்னொரு பொய் வேண்டும். அந்தப் பொய்கள் மார்ச் மாத முடிவில் என் மேசைக்கு வரும்.

கிண்ணியா ஹார்ட்வெயார்

காசுக்காக ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் வேலையைக் கெடுத்துவிட்டால், வீட்டுக்காரர் வந்து நிற்பது என் கடை வாசலில். அதனால் நான் வாங்குவதில்லை.

குளிர்ப்பெட்டி_திருமலை

நானா சொன்னது எனக்கு நடந்தது. ரெண்டு வருடத்துக்கு முன்னம், என் நல்ல வாடிக்கையாளர் ஒரு டீச்சர் அலுமினியக் கதவுக்கு ஆள் கேட்டார். எனக்கு ஒரு இடத்தில் ரெண்டுதரம் சந்தித்த பழக்கம், நல்லாக் கதைக்கிறவர், கொடுத்துவிட்டேன். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. டீச்சர் எனக்கு ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வீட்டு ஏசிக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. இப்போதும் கோவிலில் கண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

ஊசிநூல்

தம்பி, அந்த டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டீர்களா? போன் இல்லை, நேரில்.

நான் திரைச்சீலை, விடுதிக் கட்டில் விரிப்பு தைக்கிறவள். என்னோடு மூன்று பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். உங்கள் எல்லாரிடமும் எனக்கு ஒரு முறைப்பாடு. ஆம்பிளைகள் இரவு எட்டு மணிக்குக் கடற்கரையில் இருந்து கதைத்து வேலை பிரித்துக்கொள்கிறீர்கள், எனக்கு விஷயம் தெரிவது அடுத்த நாள் காலை. வாட்ஸ்அப் குழு என்று ஒன்றில் சேர்த்தார்கள், தினமும் குட்மோர்னிங் பூப்படம் 30 வரும், நான் வெளியே வந்துவிட்டேன். எனக்கு வேலை வருவது பிள்ளையைக் கூட்டப்போகிற பள்ளிக்கூட வாசலில்தான். அங்கே நிற்கிற தாய்மாருக்குத் தெரியாத குடிபுகுதல் இல்லை.

ஒன்று சொல்கிறேன். திரைச்சீலைக்கு அளவெடுக்க யன்னலுக்குப் பக்கத்தில் ஏணி வைத்து ஏறும்போதுதான் வீட்டுக்காரர் கேட்பார், "அக்கா, ஏசி இந்தப் பக்கம் வருமா, சீலை காற்றுக்கு அடிக்குமா" என்று. எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்க ஆள் இருந்தால் அந்த இடத்திலேயே கோல் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

குளிர்ப்பெட்டி_திருமலை

அக்கா, இல்லை, போகவில்லை. போகிறேன். உங்களுக்குத் தனியாக என் நம்பரை அனுப்பியிருக்கிறேன்.

மூதூர் மெக்கானிக்

நானும் ஏசி, ஃப்ரிட்ஜ்தான், மூதூர். குளிர்ப்பெட்டியும் நானும் போட்டிக்காரர் என்று நீங்கள் நினைக்கலாம். 2022ல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்தார்கள். மூதூரிலிருந்து நிலாவெளிக்கு ஒரு வேலைக்குப் போய்வந்தால் அந்தக் கிழமை முடிந்தது. அப்போது டவுனில் ஒரு பையனோடு பேசி, அங்கே எனக்கு வருகிற வேலை அவனுக்கு, இந்தப் பக்கம் அவனுக்கு வருவது எனக்கு என்று மாற்றிக்கொண்டோம். பெற்றோல் திரும்ப வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை, அவன் வெளிநாடு போகும்வரை. அவனுடைய வக்கியூம் பம்பை எனக்குத்தான் விற்றுவிட்டுப் போனான். அதற்கு முன்னம் நான் காஸை அடித்துக் காற்றைத் தள்ளிவிட்டுப் பூட்டியவன்தான், வெட்கம் இல்லாமல் சொல்கிறேன். ஆர் 32 என்ற புது காஸ் வந்த பிறகு அதெல்லாம் சரிவராது என்று சொல்லித்தந்ததும் அவன்தான்.

குளிர்ப்பெட்டி தம்பி, அந்த இடம் இப்போது காலி.

டொரொண்டோ திருமலையான்

இதை எல்லாம் ஒரு மேசையில் போட்டால் என்ன? 1905ல் சிக்காகோவில் போல் ஹாரிஸ் என்ற சட்டத்தரணி கூட்டியது ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியியலாளர், ஒரு தையல் வியாபாரி, மூன்றே பேரைத்தான். ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொருவரின் இடத்தில் சுழற்சியாக நடந்தபடியால்தான் ரோட்டரி என்ற பெயர் வந்தது. 1985ல் தொடங்கிய, ஆளுக்காள் வேலை அனுப்புகிற பிஎன்ஐ என்ற அமைப்பு இன்னும் கறாரானது, ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒரே ஆள். மாலை மரியாதை, மேடை, பொன்னாடை வேண்டாம். அந்த முதல் நாலு பேர் மாதிரி இருந்தால் போதும்.

சும்மா ஒருவன்

எப்போது கூடுவீர்கள்? வெள்ளி என்றால் ஜும்மா, கோவில். ஞாயிறு என்றால் கலியாண வீடு.

கணக்குக்காரி

போயா நாள், பௌர்ணமி. எல்லாருக்கும் லீவு. காலை 10 மணி, என் ஒஃபிஸில். ஊசிநூல் அக்கா வரக்கூடிய நேரம்.

குளிர்ப்பெட்டி_திருமலை

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்காக.

முதல் போயாவுக்கு எட்டுப் பேர் வந்தோம். ரெண்டாவதுக்கு ஆறு. ஒருவர் வந்து தன் நிலம் விற்பதைப் பற்றி மட்டும் கதைத்தார், பிறகு அவரே வரவில்லை. சம்மேளனம், தலைவர், செயலாளர் என்று யாரோ தொடங்க, வயர்மேன் அண்ணா எழும்பிப் பிளேன்டீ போடப் போய்விட்டார், அதோடு அந்தக் கதை முடிந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற சட்டத்தை முதல் நாளே உடைத்தோம், மூதூர் அண்ணன் வந்தபடியால். அவர் குடாவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், இடைஞ்சல் இல்லை.

செய்வது இவ்வளவுதான். ஒவ்வொருவரும் இப்போது எந்த வீட்டில் வேலை, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்வோம். போன மாதம் சொன்ன ஆளை அனுப்பினோமே, வேலை எப்படி முடிந்தது என்றும் கேட்போம். இந்த ரெண்டாவது கேள்விதான் ஆட்களைக் குறைத்தது என்று நினைக்கிறேன். நல்லதுதான்.

வயர்மேன் அண்ணா மூலம் பூச்சுக்கு முன்னமே மூன்று வீடு பார்த்தேன். ரெண்டு வேலையாகிவிட்டது, ஒன்று வீட்டுக்காரர் காசில்லாமல் நிறுத்திவிட்டார். ஊசிநூல் அக்கா ஏணியில் நின்றபடி ஏழெட்டுத் தரம் கோல் எடுத்திருப்பார், அதில் நாலு வேலை. நானாவின் கடையில் இதுவரை ஒன்றும் இல்லை, கடன் கொப்பியில் என் பக்கம் இன்னும் புதிதாம். பில் புத்தகம் அடித்தாயிற்று, வியாபாரப் பெயரும் பதிந்தாயிற்று. நிலாவெளி ஐயாவுக்கு வேறு ஆள் இருக்கிறார், அவரை நான் தொடவில்லை. ஆனால் அவர் சொல்லிப் பக்கத்தில் ரெண்டு விடுதிக்குப் போய் வெளி யூனிட்டைத் தொட்டுக் காட்டினேன். ஒருவர் விரட்டிவிட்டார். மற்றவர் பெப்ரவரியில் வரச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் வீட்டுக்கும் போனேன். அட்வான்ஸ் போன காசை நான் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. தேத்தண்ணி தந்தார். ஏசியைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

புதிய_உறுப்பினர்_பாலையூற்று

அண்ணா, இழை முழுக்க இப்போதுதான் வாசித்தேன். நல்ல விஷயங்கள். அதை விடுங்கள், எங்கள் அறை ஏசி மூன்று நாளாக உள்ளுக்குள் தண்ணி சொட்டுகிறது, கட்டிலைத் தள்ளிப் போட்டுப் படுக்கிறோம். என்ன செய்ய?

குளிர்ப்பெட்டி_திருமலை

முதலில் முன்மூடியைத் திறந்து ஃபில்டர் ரெண்டையும் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அதற்குப் பிறகும் சொட்டினால் தண்ணி போகிற குழாய் பாசி பிடித்து அடைத்திருக்கும். வீடு யார் வயரிங்?

புதிய_உறுப்பினர்_பாலையூற்று

உவர்மலை அண்ணன் ஒருவர். சுவர் பூச முன்னமே ஏசிக்காரரைக் கூப்பிட்டுக் குழாய் போடச் சொன்னார், நாங்கள்தான் செலவென்று கேட்கவில்லை.

உவர்மலை வயர்மேன்

ஞாபகம் இருக்கிறது. நீலக் கேட் வீடு.

குளிர்ப்பெட்டி_திருமலை

நாளைக்கு 10 மணிக்கு முன்னம் வரட்டுமா?